இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து ரீங்காரம். சூடில்லாத, சத்தமில்லாத டிஸ்க் எது?

இரவுக்கோழி:
எட்டு வருடமாக ஓடும் 2 டிபி டிஸ்க் ஒன்று டெஸ்க்டாப்பில் இருக்கிறது. போன மாதம் அதற்கு நேர் மேல்தட்டில் ஒரு 4 டிபி மாட்டினேன். இரண்டும் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று). அன்றிலிருந்து "ம்ம்ம்ம்... ம்ம்... ம்ம்ம்ம்" என்று ஏறி இறங்கி ஒரு ரீங்காரம். ராத்திரி வேலை செய்யவே முடியவில்லை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மேலே 51 டிகிரி, கீழே 47. இரண்டையும் கழற்றிவிட்டு, அமைதியான ஒரே 8 டிபி டிஸ்க்காக வாங்கிவிடலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

திருகாணி:
அவசரப்பட்டு வாங்காதீர்கள். ரீங்காரம் கேட்கும்போது கேஸின் பக்கத்தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சட்டென்று குறைந்தால் கத்துவது டிஸ்க் இல்லை, தகடு.

7200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 120 சுற்று. இரண்டு டிஸ்க்கின் வேகமும் மயிரிழை வித்தியாசப்பட்டால், அதிர்வுகள் ஒரு சமயம் சேர்ந்துகொள்ளும், ஒரு சமயம் ஒன்றையொன்று அமுக்கும். நீங்கள் சொல்கிற ஏற்ற இறக்கம் அதுதான். நடுவில் ஒரு தட்டைக் காலியாக விட்டு, ரப்பர் வாஷர் போட்டு மாட்டுங்கள். ரப்பர் நசுங்கும்படி திருகை முறுக்கினால் ரப்பர் போட்டும் பிரயோஜனமில்லை. டிஸ்க்குகளுக்கு நேர் முன்னால் மெதுவாகச் சுற்றும் 120 மிமீ ஃபேன் ஒன்று இருந்தால் சூடும் இறங்கும்.

பழையதட்டு:
அவர் சொன்னதை முதலில் செய்யுங்கள். அப்புறமும் வாங்கத்தான் வேண்டுமென்றால், 5400 ஆர்பிஎம் தேடுங்கள். ஆனால் '5400 ஆர்பிஎம் கிளாஸ்' என்று எழுதியிருந்தால் உஷார். அந்த 'கிளாஸ்' சும்மா ஒட்டியதில்லை. அப்படி விற்ற சில டிஸ்க்குகள் உண்மையில் 7200இல் சுற்றுவதை 2020இல் பயனர்கள் ஒலியை வைத்தே பிடித்தார்கள்: 5400 என்றால் நொடிக்கு 90 சுற்று, ஆனால் 90 ஹெர்ட்ஸில் வரவேண்டிய ஒலி முகடு 120இல் வந்தது. போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது) இருந்தால் நீங்களும் பார்க்கலாம்.

அட்டைப்பெட்டியை விட டேட்டாஷீட்டை (தயாரிப்பாளரின் விவரத்தாள்) நம்புங்கள். சும்மா சுற்றும்போது எத்தனை வாட் என்று பாருங்கள். தின்கிற வாட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். டெசிபல் இரண்டு எண்ணாக இருக்கும், ஐடில் (சும்மா சுற்றும்போது) ஒன்று, சீக் (படிக்கும் ஹெட் நகரும்போது) ஒன்று. பலரும் முதலாவதை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளில் வாயுவின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்குதான் என்பதால் உராய்வு குறைவு, சூடும் குறைவு. ஆனால் பெரும்பாலும் 7200, சர்வருக்காகச் செய்தவை. ஹெட் நகரும்போது கடகடவென்று கேட்கும். படுக்கையறையில் நான் வைக்கமாட்டேன்.

திருகாணி:
விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது?

இரவுக்கோழி:
அந்தப் பழைய 2 டிபியில்தான்.

உள்ளங்கை வைத்தேன், ரீங்காரம் பாதியாகிவிட்டது! ஒரு தட்டு இடைவெளி, ரப்பர், பெட்டியில் சும்மா கிடந்த ஒரு ஃபேன். இப்போது மேலே 41, கீழே 39. அலையடிக்கும் சத்தம் போய்விட்டது. ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் 'கிட்கிட்' என்று கீழ் டிஸ்க் கொறிப்பது மட்டும் நிற்கவில்லை.

திருகாணி:
அது விண்டோஸின் வேலை. இண்டெக்ஸிங், அப்டேட், பேஜ்ஃபைல் என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். சிறிய எஸ்எஸ்டி (சுற்றும் தட்டே இல்லாத டிஸ்க்) ஒன்றில் விண்டோஸைப் போடுங்கள். அப்புறம் டிஸ்க்குகள் 20 நிமிடத்தில் தூங்கும்படி பவர் ஆப்ஷனில் வைக்கலாம். 8 டிபிக்கு அவசரமில்லை.

பழையதட்டு:
கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பழைய டிஸ்க்குக்கு 05 என்ற வரியின் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களின் கணக்கு) ரா வேல்யூ எவ்வளவு காட்டுகிறது?

இரவுக்கோழி:
18.

பழையதட்டு:
அங்கே எண்கள் பதினாறடிமானத்தில் வரும். 18 என்றால் 16 + 8, அதாவது 24 செக்டர் (டேட்டா பதியும் சிறு துண்டு) கெட்டுப்போய் மாற்றப்பட்டிருக்கிறது. சத்தத்தை விடுங்கள், இன்றைக்கே அதில் இருப்பதை 4 டிபிக்கு நகலெடுங்கள்.

இரவுக்கோழி:
நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மணி நேரம் என்கிறது.