மும்பை கோலிவாடாக்களில் (கோலி மீனவர் குடியிருப்புகளில்) நீங்க பார்த்தது, கேட்டது

அந்தேரியிலிருந்து:
வர்சோவா கோலிவாடாவில் எங்களுக்கு வாடிக்கையா மீன் கொடுக்கிற மௌசிகிட்ட (மௌசின்னா சித்தி) பொம்பில் மீன் (பாம்பே டக்) கேட்டேன். "இன்னைக்கு அஷ்டமி, அவ்வளவா வராது"ன்னுட்டாங்க. கூட வந்த அம்மாவுக்கு ஒரே குஷி, இங்கேயும் அஷ்டமி நவமி பார்க்கிறாங்களேன்னு! பக்கத்தில் வலை பின்னிக்கிட்டிருந்த மௌசியோட வீட்டுக்காரர்தான் விளக்கினார். அவங்களோட டோல் வலை மீனைத் துரத்துற வலை இல்லை. நீளமான கூம்புப் பை. வாயை நீரோட்டத்துக்கு எதிரா வெச்சு, கடலடியில் அடிச்ச முளையில் கட்டிடுவாங்க. ஓட்டம் வேகமா இருந்தாத்தான் பை விரியும், மீன் உள்ளே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலம். அஷ்டமி வாக்கில் மந்தம். ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குறது) தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போறதால் படகு கிளம்புற நேரமும் நகர்ந்துக்கிட்டே இருக்கும். ராத்திரி ரெண்டு மணியும் பகல் மூணு மணியும் அவங்களுக்கு ஒண்ணுதான்.

"அப்போ நம்ம பெரியவங்க சொன்னதும் சரிதானே?"ன்னு அம்மா விடலை. அவர் சிரிச்சுட்டு, மூங்கில் பந்தலில் ஜோடி ஜோடியா வாயைக் கோத்துக் காயப்போட்டிருந்த பொம்பில் கருவாட்டில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்.

மாட்டுங்காவிலிருந்து:
நாங்க ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாத்துற பௌர்ணமிதான் கோலி மீனவங்களுக்கு, கடலுக்குத் தேங்காய் விடுற நாரளி பூர்ணிமா. விசைப்படகுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கும். தடை முடிஞ்சாலும் கடலுக்குத் தேங்காய் விடாம தன் அப்பா படகு இறக்கமாட்டார்னு வொர்லியில் ஒருத்தர் சொன்னார்.

தாராவியிலிருந்து:
உங்களுக்காவது பார்க்கக் கடல் இருக்கு. எங்க தாராவியும் ஆதியில் கோலிவாடாதான். திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்க தோல் பட்டறை வேலைக்கு வந்த காலத்தில், மித்தி ஆறு சேர்ற மாஹிம் கழியில் கோலிங்க மீன் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. ஓதம் ஏறுறப்போ இறால் அள்ளினதை எங்க தாத்தாவோட சிநேகிதர், ஒரு கோலிப் பெரியவர், அலுக்காம சொல்வார். இப்போ அந்தத் தண்ணியில் கால் வைக்க முடியாது. 2005 ஜூலை 26 வெள்ளத்துக்கு அப்புறம் மித்தியைத் தூர்வார்றதைப் பத்தி ஊரே பேசுச்சு. அதில் மீன் பிடிச்ச எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலைன்னு அவருக்குத் தீராத கோபம்.

ஆனா வொர்லி கோலிங்க அப்படி விடலை. கடற்கரைச் சாலைப் பாலத்துத் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் போதாது, காத்தும் ஓட்டமும் சேர்ந்தா படகு தூணில் மோதும்னு அழுத்தமா நின்னு, 2022 கடைசியில் அதை 120 மீட்டரா மாத்த ஒத்துக்க வெச்சாங்க. அந்தப் போராட்டத்தை நேரில் பார்த்தவங்க இருந்தா எழுதுங்க.