அப்பாவுக்குப் புரை மறுபடி வளர்ந்துவிட்டதா?

மேலூர் மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 71 வயது. மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வலக்கண்ணில் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த அந்தக் கண் இப்போது பனி மூடியதுபோல் மங்குகிறது என்கிறார். “புரை திரும்ப வளர்ந்திருக்கும், முற்றட்டும், அறுவடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம்” என்பது அவர் முடிவு. எனக்குக் கவலை அதைவிட வேறொன்றில். செய்தித்தாளில் தலைப்புகளைப் படித்துவிடுகிறவர், கொல்லைக் கதவைக் கடக்கும்போதெல்லாம் இடத்தோளை நிலையில் இடித்துக்கொள்கிறார். போன வாரம் மாடத்தில் காலண்டருக்குப் பின்னால் ஒரு சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்தேன். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுத்த மருந்தின் பழைய புட்டியைக் கடையில் காட்டி, கண் உறுத்தும்போதெல்லாம் அதையே வாங்கி இரண்டு கண்ணிலும் விட்டுவருகிறாராம். அறுவடை வரை பொறுக்கலாமா?

ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர், மதுரை அண்ணா நகர்:
பொறுக்க வேண்டாம், அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் தெரிகின்றன.

எடுத்த புரை மீண்டும் வளராது. உள்ளே வைத்த லென்ஸைத் தாங்கி நிற்கும் மெல்லிய இயற்கை உறை சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மங்கிப்போகும். வலக்கண் மங்கலுக்கு அது காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் சில நிமிட லேசர் சிகிச்சையில் சரியாகிவிடும். படுக்கையில் சேரத் தேவையில்லை.

நிலையில் இடிப்பதுதான் என்னைக் கலங்கவைக்கிறது. கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) முதலில் பக்கப் பார்வையைத்தான் தின்னும். நேர்ப் பார்வை கடைசிவரை நிற்பதால், வலியும் இல்லாத நிலையில், நோயாளிக்கே தெரியாமல் நரம்பு பழுதாகிக்கொண்டிருக்கும். புரையால் போன பார்வையை மீட்டுவிடலாம், இந்த நரம்பு பழுதானால் போனது போனதுதான். இருப்பதை மட்டுமே காப்பாற்ற முடியும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அதைக் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறலாம். அந்தப் புட்டியை மறக்காமல் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

“பிரஷர் நார்மல்தான்” என்று அப்பா சொன்னால் அது இரத்த அழுத்தம். கண்ணின் அழுத்தம் வேறு, பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். அந்த எண் சரியாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு என்பதால் நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. துணைக்கு ஒருவர் கட்டாயம் போக வேண்டும்.

1976இல் மருத்துவர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கும்போது, அறுவடையைக் காரணம் காட்டிப் பார்வையை இழப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

திருமங்கலத்து மருமகள்:
கடைச் சொட்டு மருந்தைப் பற்றி நானும் சொல்லியாக வேண்டும். களத்தில் நெல் தூற்றும்போது என் மாமியார் கண்ணில் உமி பட்டது. முதலில் இலைச்சாறு விட்டோம், பிறகு கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டோம். கருவிழியில் வந்திருந்தது பூஞ்சைப் புண் என்றும், ஸ்டீராய்டு அதை இன்னும் பரப்பிவிடும் என்றும் மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. புண் ஆறிவிட்டது, வெள்ளைத் தழும்பு அப்படியே நிற்கிறது.

வாடிப்பட்டி வாசகர்:
சகோதரி, அப்பாவுக்கு மூச்சிளைப்பு இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலோல் என்ற சொட்டு மருந்து இளைப்பைக் கூட்டிவிடும். என் அண்ணனுக்கு இந்த நோய் தெரியவந்தபோது, கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதுக்கு மேல் சோதித்துக்கொள்வது அவசியம் என்றார்கள். எனக்கும் ஆரம்ப நிலையில் இருந்தது அப்படித்தான் தெரிந்தது.

மேலூர் மகள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அழைத்துப் போய் வந்தோம். வலக்கண்ணில் உறைதான் மங்கியிருக்கிறது. அடுத்த வாரம் லேசர். இடக்கண்ணில் அழுத்தம் 32, நரம்பு ஓரளவு பழுதாகியிருக்கிறது. பழைய புட்டியைப் பார்த்ததும் மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் குளிர்காலத்தில் இளைப்பு வரும் என்று சொன்னேன். அதற்கேற்ற வேறு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். தினமும் இரவு ஒரு சொட்டு, விடாமல்.

முதல் சொட்டை நானே விட்டேன். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி, சொல்லிக்கொடுத்தபடி மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு, கதவு நிலையில் இடித்ததை இத்தனை நாளும் கால் தடுமாற்றம் என்றே நினைத்திருந்ததாகச் சொன்னார். என் தம்பிக்கு 43 வயது. லேசருக்கு அப்பாவை அழைத்துப் போகும் அன்று அவனையும் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.