லியாங் பேரரசர் வூ: எட்டுப் பிள்ளைகள் இருந்தும் ஏன் பட்டினியில் செத்தார்?

ராத்திரிப்பறவை:
போதிதர்மர் கதை வழியாகத்தான் இவர் பெயரே எனக்குத் தெரியும். இத்தனை கோயில் கட்டினேனே, எனக்கு எவ்வளவு புண்ணியம் என்று இவர் கேட்க, ஒன்றுமே இல்லை என்று போதிதர்மர் சொன்னாராமே, அந்த ராஜாதான். சரி, ஆள் யார் என்று தேடிப் படித்தேன். தென் சீனாவை ஆண்ட லியாங் வம்சத்தின் முதல் பேரரசர், இயற்பெயர் சியாவ் யான், தலைநகர் இன்றைய நான்ஜிங், 502 முதல் 549 வரை 47 வருட ஆட்சி. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம், ஒரே போர்வை இரண்டு வருடத்துக்கு. அப்படிப்பட்டவர் 85 வயதில், ஹௌ சிங் என்ற வடக்கத்தித் தளபதியிடம் கைதியாக, சொந்த அரண்மனையிலேயே போதிய சாப்பாடு கிடைக்காமல் செத்திருக்கிறார். பிள்ளைகளும் பேரன்களும் மாகாணத்துக்கு ஒருவராகப் படையோடு உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பக்தி முற்றித்தான் நாடு போயிற்று என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது மட்டும்தானா?

மஞ்சள்நதிக்காரன்:
பக்தியைவிட, சொந்தக்காரர்களைத் தண்டிக்க மனசு வராததுதான் பெரிய வியாதி என்பது என் கட்சி. அவருடைய தம்பி சியாவ் ஹோங்கைப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் நூறு அறை வரை பூட்டியே கிடக்கிறது, உள்ளே ஆயுதம் பதுக்கியிருக்கிறார் என்று யாரோ போட்டுக்கொடுக்க, பேரரசர் விருந்துக்கு வருவதுபோல வந்து, நன்றாகக் குடித்துவிட்டு, பின்கட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்று எழுந்தார். தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. திறந்து பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகளில் காசு, அறைக்கு ஒரு கோடி, ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு. மற்ற அறைகளில் பட்டு, தேன், மெழுகு என்று கூரை முட்ட. எல்லாம் ஜனங்களிடம் கடன், அடமானம் என்று பிடுங்கியது. ஆயுதம் இல்லை என்றதும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம், பரவாயில்லையே, நன்றாகத்தான் வாழ்கிறாய் என்று பாராட்டிவிட்டுத் திரும்பவும் குடிக்க உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது!

இந்தத் தம்பியின் மகன்தான் சியாவ் செங்தெ. பேரரசருக்கு ஆண் பிள்ளை இல்லாத நாளில் தத்தெடுத்திருந்தார், 501-இல் சொந்த மகன் சியாவ் தோங் பிறந்ததும் தம்பியிடமே திருப்பி அனுப்பிவிட்டார். பட்டத்து இளவரசன் ஆகவேண்டியவன் ஆகாமல் போன கடுப்பில், 522-இல் எதிரி நாடான வடக்கு வெய்க்கே ஓடினான். அங்கே யாரும் சீண்டாததால் அடுத்த வருடம் திரும்பி வந்தான், பெரியப்பா அழுது, மன்னித்து, பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார். 548-இல் தலைநகரைத் தாக்க வந்த ஹௌ சிங் யாங்சி ஆற்றைக் கடக்கப் படகு ஏற்பாடு செய்ததும், தலைநகருக்குள் விட்டதும் இதே புண்ணியவான்தான். அவனையே சிம்மாசனத்தில் ஏற்றிய ஹௌ சிங், கோட்டை விழுந்ததும் இறக்கிவிட்டு, கொஞ்ச நாளில் கொன்றும் விட்டார்.

இதைவிட விசித்திரம் இரண்டாவது மகன் சியாவ் சோங். அவன் அம்மா முந்தைய சி வம்ச மன்னனின் அந்தப்புரத்தில் இருந்தவள், இங்கே வந்து ஏழே மாதத்தில் பிள்ளை பிறந்தது. வளர்ந்ததும் சந்தேகம் அரிக்க, அந்தச் செத்துப்போன மன்னனின் கல்லறையை ரகசியமாகத் தோண்டி, எலும்பில் தன் ரத்தத்தைச் சொட்டினான். ரத்தம் உள்ளே இறங்கினால் ரத்த சொந்தம் என்பது அந்தக் கால நம்பிக்கை, இறங்கியது. அதுவும் போதாமல் தன் கைக்குழந்தையைக் கொன்று அந்த எலும்பிலும் சோதித்திருக்கிறான், படிக்கவே வயிற்றைப் பிசைகிறது. 525-இல் அவனும் வெய்க்கு ஓடினான்.

சுவடிப்பெட்டி:
பக்தியை அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதீர்கள். 529-இல் மடத்துக்குத் தன்னையே தானம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ள, அமைச்சர்கள் பெருந்தொகை கொடுத்து மீட்டார்கள், 547-இலும் அதே கூத்து. அதற்கு முன்பே 523-இல் இரும்புக் காசு அடித்து, ஆளாளுக்குக் கள்ளக்காசு வார்த்து, விலைவாசி தாறுமாறாகப் போனது. ஆனால் நீங்கள் சொல்லும் பாரபட்சத்தை அப்போதே ஒரு கிழவர் பல்லக்கை மறித்துக் கேட்டுவிட்டார்: உங்கள் சட்டம் ஏழைக்கு இறுகுகிறது, பெரிய இடத்துக்குத் தளர்கிறது என்று.

தெற்குத்தெரு:
பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பதற்கு விடை 531-இல் இருக்கிறது. மூத்தவர் சியாவ் தோங் நல்ல படிப்பாளி, 'வென் சுவான்' என்ற பெரிய இலக்கியத் தொகுப்பு அவர் பெயரில்தான் இன்றும் இருக்கிறது. 526-இல் அம்மா இறந்தபோது, அவரைப் புதைத்த இடம் மூத்த மகனுக்கு ஆகாது என்று ஒரு தாவோ சாமியார் சொன்னதை நம்பி, பரிகாரமாக மெழுகு வாத்து ஒன்றைச் சமாதியில் புதைக்கவிட்டார். விஷயம் அப்பாவுக்குப் போய், தோண்டி எடுத்து, பெரிய அவமானம். மனக்கசப்பு தீராமலே 531-இல் ஏரியில் படகு கவிழ்ந்து அடிபட்டு இறந்தார். முறைப்படி அவர் மகனுக்குப் போகவேண்டிய பட்டத்தை மூன்றாவது மகன் சியாவ் காங்குக்குக் கொடுத்தார் பேரரசர். பேரன்களுக்குத் தீராத வஞ்சம், மற்ற மகன்களுக்கோ, இவனுக்கு என்றால் எனக்கு ஏன் கூடாது என்ற ஆசை. சமாதானப்படுத்த எல்லாருக்கும் பெரிய மாகாணம், படை.

அந்தப் படைகள்தான் 549-இல் தலைநகரைச் சுற்றி நின்றுகொண்டு சண்டை போடாமல் வேடிக்கை பார்த்தன. ஏழாவது மகன் சியாவ் யீ தன் மாகாணத் தலைமையிடமான ஜியாங்லிங்கிலிருந்து மெதுவாகக் கிளம்பி, பாதி வழியில் நின்றார். அப்பாவும் அண்ணனும் ஒழிந்தால் தன் முறை அல்லவா! முற்றுகைக்குள்ளே அரண்மனையில் காய்கறி தீர்ந்து, ஆயுள் முழுக்க விரதம் இருந்த கிழவர் முட்டை சாப்பிட வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து இன்னொரு மகன் சியாவ் லுன் அனுப்பியது சில நூறு முட்டை. அதைத் தன் கையாலேயே பிரித்து வைத்துக்கொண்டு விம்மி அழுதாராம். படை அனுப்பியிருக்கலாம், முட்டை அனுப்பினார்.

ராத்திரிப்பறவை:
அடப்பாவிகளா. அப்புறம் இந்தக் குடும்பத்தில் யாராவது மிஞ்சினார்களா? போதிதர்மர் சந்திப்பாவது நடந்ததா?

மஞ்சள்நதிக்காரன்:
சந்திப்புக்கு அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது, அந்த உரையாடல் எட்டாம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்தில் வருகிறது. அவர் தென்னிந்தியர் என்பதற்குப் பழைய குறிப்பு உண்டு, ஆனால் பாரசீகர் என்று சொல்லும் 547-ஐ ஒட்டிய குறிப்பும் இருக்கிறது.

குடும்பம்: சியாவ் காங்கை ஹௌ சிங் 551-இல் கொன்றார். அடுத்த வருடம் ஹௌ சிங்கை ஒழித்துவிட்டு அரசரானார் யீ. 554-இல், வடக்கு வெய் உடைந்து உருவான மேற்கு வெய்யின் படை ஜியாங்லிங்கை வளைத்தபோது, தான் சேர்த்த 1,40,000 சுருள் புத்தகங்களைக் கொளுத்தினார், பிடிபட்டுச் செத்தார். அந்தப் படையோடு சேர்ந்து வந்தது யார் தெரியுமா? பட்டம் மறுக்கப்பட்ட சியாவ் தோங்கின் மகன் சியாவ் சா. வெய் தயவில் அவருக்கு அங்கேயே ஒரு குட்டி ராஜ்யம் கிடைத்து, 587 வரை ஓடியது. அவர் பேத்திதான் சுய் வம்சத்தின் பேரரசர் யாங்கைக் கட்டிக்கொண்ட சியாவ் பேரரசி, அவள் தம்பி சியாவ் யூ தாங் வம்சத்தில் முதன்மை அமைச்சராகவே இருந்தார்.