அந்தியூர் குதிரை மூணு நாளா சுத்துது: கொட்டாயில அடைக்கவா, காட்டுல விடவா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு மார்வாரி பெட்டைக் குதிரை புடிச்சனுங்க, அஞ்சு வயசு. ராத்திரியோட ராத்திரியா மினி லாரில ஏத்தி தோட்டத்துக்கு கொண்டாந்தாச்சு, இன்னிக்கு மூணாவது நாள். கொட்டாய்க்குள்ள செக்குமாடு கணக்கா ஒரே சுத்து, விடிய விடிய கனைப்பு, ஊறவெச்ச கொள்ளை மோந்து பாத்துட்டு தள்ளிருது, தண்ணியும் அரை பக்கெட்டுக்கு மேல எறங்கல. சந்தையில அத்தன ஜனம், மைக் செட்டு எல்லாத்துக்கும் நடுவுல செலை மாதிரி நின்ன குதிரைங்க இது. மயக்க ஊசி போட்டு வித்துட்டான்னு பக்கத்து தோட்டத்துக்காரர் சொல்றாரு, அம்மா சுழி சரியில்லங்கறாங்க. முன்னங்கால் பின்னங்கால் கட்டி ரெண்டு நாள் போட்டா அடங்கும்னு இன்னொருத்தர். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

லாயத்துக்காரன்_சென்னை:
பாஸ் டென்ஷன் ஆவாதீங்க. ரேஸ் குதிரை லாயத்துல பன்னெண்டு வருஷம் சைஸா (குதிரை பாத்துக்கற ஆளா) இருந்தவன் நான், புதுசா வர்றது எல்லாம் மொத வாரம் இப்டித்தான் பண்ணும். ரெண்டு வாரம் கொட்டாய்க்குள்ளயே வைங்க, அவுத்து மட்டும் விடாதீங்க. அதே ஆளு, அதே நேரம், அதே தீனி, காலைல சாயங்காலம் கையில புடிச்சு ஒரு நடை. இப்ப போய் காட்டுல விட்டீங்கன்னா எல்லை எதுன்னே தெரியாம தலைதெறிக்க ஓடி முள்கம்பில மாட்டி கால் கிழிஞ்சிரும், கண்ணால பாத்துருக்கேன். கால் கட்டுறதெல்லாம் வேணாம், தப்பு.

கொறங்காட்டான்:
ஏனுங்க சென்னைக்காரரே, உங்க லாயத்துல வரிசையா குதிரை நிக்கும், தலைய நீட்டுனா அந்தப்பக்கம் ஒண்ணு இந்தப்பக்கம் ஒண்ணு. இவரு தோட்டத்துல இது ஒத்தைக் குதிரை. அதான் வித்தியாசமே. சந்தையில ஏன் செலையாட்டம் நின்னுச்சு? ஊசியும் இல்ல ஒண்ணும் இல்ல, சுத்தி நூறு குதிரை நின்னுச்சு, மந்தையில இருக்கற ஜீவனுக்கு அது தைரியம். இங்க ஆளரவமே இல்லாத தோட்டத்துல தனியா அடைச்சு வெச்சா புலி வந்தா யாரு கத்தறதுன்னு அதுவே ராப்பூரா காவல் காக்குது. கதவைத் தொறந்து விடுங்க, மேயட்டும். எங்க கொறங்காட்டுல (மேய்ச்சலுக்குன்னே விட்ட மானாவாரி நெலம்) கொழுக்கட்டைப் புல்லு, சுத்தி கிளுவைச் செடி வளத்த உயிர்வேலி, ஒரு குதிரையும் கால் கிழிச்சுக்கிட்டதில்ல.

லாயத்துக்காரன்_சென்னை:
எல்லார் தோட்டத்துலயும் கிளுவை வேலி இருக்கா சார்? முக்காவாசி முள்கம்பிதான். மந்தை விஷயம் நீங்க சொல்றது ஒத்துக்கறேன், ஆனா சந்தையில இருந்து வந்ததை மத்த மாடு குதிரையோட உடனே சேத்து விட்டா, அது என்ன சீக்கு கொண்டாந்துருக்குன்னு யாருக்கு தெரியும்?

கால்நடை_ராஜ்:
நான் வெட்டரினரி டாக்டர், அதனால ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் சண்டை போட்டுக்கறேன். மத்த குதிரைங்க கிட்ட இருந்து ரெண்டு மூணு வாரம் ஒதுக்கி வைக்கணும், சரி, தொண்டைக் கட்டி நோய் தொத்துனா வெளிய தெரியவே ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம். ஆனா ஒதுக்கி வைக்கிறதுன்னா நாலு செவுத்துக்குள்ள போட்டு மூடறது இல்ல. எட்டத்துல இன்னொரு ஜீவன் கண்ணுக்கு தெரியணும்.
அதவிட அவசரமான விஷயம் ஒண்ணு இருக்கு, யாருமே கேக்கல. சாணி எத்தன தடவை போடுது? ஒரு நாளைக்கு எட்டு பத்து வாட்டி போடணும். கால தரையில பிராண்டுதா, வயித்தைத் திரும்பித் திரும்பி பாக்குதா, உருளுதா? அப்டின்னா இது பதட்டம் இல்ல, வயித்துவலி, குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ள சிக்குனது சிக்குனதுதான், உடனே பக்கத்து டாக்டரை வரச்சொல்லுங்க. தெர்மாமீட்டர் வெச்சு காலை மாலை ஜுரம் பாருங்க, 101.5 தாண்டுனா சும்மா இருக்காதீங்க. லாரில தலையத் தூக்கிக் கட்டி ஓட்டிட்டு வந்துருந்தா சளி நெஞ்சுல எறங்கிரும்.
கொள்ளை நிறுத்துங்க. வேலை செய்யாம நிக்கிற குதிரைக்கு எதுக்கு கொள்ளு? நாள் முழுக்க வாய்ல காய்ஞ்ச புல்லு இருக்கணும், அது வயித்துல அமிலம் எந்நேரமும் ஊறிட்டே இருக்கும், காலியா கெடந்தா புண்ணாயிரும். வித்தவர்கிட்ட போன் போட்டு என்ன தீனி குடுத்தாருன்னு கேட்டு, அதையே குடுத்து பத்து நாள்ல கொஞ்சங் கொஞ்சமா மாத்துங்க.

நொய்யல்கரை:
சாணி போடுதுங்க டாக்டர், நேத்து ஆறு வாட்டி, உருளல. ஜுரம் 100.4. தலையத் தூக்கித்தான் கட்டிருந்தாங்க, இருமல் இல்ல. வித்தவர் சோளத்தட்டும் குதிரை மசால்ங்கற தீவனப் பயிரும்தான் போட்டாராம், நான் மாட்டுக்கு வளக்கற கோ 4 தீவனப் புல்லு போட்டுட்டு இருக்கறேன்.

கால்நடை_ராஜ்:
கோ 4 மாட்டுக்கு சரி. அதையே வருஷக்கணக்கா குதிரைக்கு போட்டா அதுல இருக்க ஆக்ஸலேட்ங்கற உப்பு எலும்புல இருந்து கால்சியத்தை இழுத்துரும். குதிரை மசால் கொஞ்சமா சேருங்க, காய்ஞ்ச புல்லுதான் முக்கியம். தண்ணி? இந்த வெயிலுக்கு 30 லிட்டர் குடிக்கணும்.

நொய்யல்கரை:
எங்க போர் தண்ணி உப்புங்க, மாடுக குடிச்சுப் பழகிருச்சு.

கொறங்காட்டான்:
அடக் கடவுளே, இதை மொதல்லயே சொல்ல வேண்டாமுங்களா. வாய்க்கா தண்ணியோ மழைத்தண்ணியோ புடிச்சு வையுங்க.

நொய்யல்கரை:
அஞ்சு நாள் கழிச்சு எழுதறனுங்க. டேங்கர் தண்ணி வெச்ச அன்னிக்கே ரெண்டு பக்கெட் குடிச்சுது. கொட்டாய் பக்கத்துலயே ஒரு வெள்ளாட்டுக்குட்டிய கட்டுனனுங்க. சென்னைக்காரர் சொன்னாப்புல கையில புடிச்சு வேலி ஓரமா நாலு நாள் நடத்தி, நேத்துதான் கயித்தை அவுத்தேன், ஓடல, மேயுது. ராத்திரி கனைப்பு கொறைஞ்சிருக்கு, நிக்கல.

கொறங்காட்டான்:
ஆடு வேல செஞ்சிருச்சு பாத்தீங்களா. அவுத்து விட்டா மேயும்னு நான் அன்னிக்கே சொன்னனே.

லாயத்துக்காரன்_சென்னை:
நாலு நாள் நடத்துனதுனால மேயுது சார். ஆடு நல்லதுதான், ரேஸ் லாயத்துலயும் ஆடு வெப்பாங்க, அதுல புதுசு ஒண்ணும் இல்ல.

நொய்யல்கரை:
ஒரு சந்தேகமுங்க, குதிரை ஒதுக்குன கொள்ளு அரை மூட்டை கெடக்குது, குட்டி கயித்தை அறுத்துட்டு அதுல போய் வாய வெச்சிருச்சு.

கால்நடை_ராஜ்:
எவ்ளோ தின்னுச்சு? வயிறு உப்பிருக்கா? உடனே போன் நம்பரை மெசேஜ்ல அனுப்புங்க.