சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை: 1965 எம்.ஜி.பி., 1990 எம்.எக்ஸ்-5, இரண்டு கார்களுக்கும் ஒரே காரணமா?

கேள்வி:
காலையில் இரண்டும் உடனே பிடிக்கின்றன. நன்றாக ஓட்டிவிட்டு கால் மணி நேரம் நிறுத்தினால், ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிப்பதில்லை. ஆறினால் சரி. எம்.ஜி.பி.யில் இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர், இக்னிஷனுக்கு சி.பி. பாயிண்ட் (கான்டாக்ட் பிரேக்கர்). எம்.எக்ஸ்-5 1.6 லிட்டர் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் கொதிப்பதுதான் காரணமா?

பதில் 1:
எம்.ஜி.பி.யில் அதற்கு வாய்ப்பு அதிகம். கார்பரேட்டர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று ஃப்ளோட் சேம்பர் (கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) சூடேறும். சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பத் திரும்ப மிதிப்பதில் பயனில்லை, எஸ்.யூ.வில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது. சாவி போட்டதும் பின்னாலிருக்கும் பெட்ரோல் பம்ப் சில தடவை 'டிக் டிக்' என்று அடித்து நின்றால் சேம்பர் நிரம்பிவிட்டது. நிற்காமல் அடித்தால் லைனில் ஆவியோ காற்றோ இருக்கிறது. வெப்பத் தடுப்புத் தகடும் அதன் லைனிங்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பதில் 2:
எம்.ஜி.பி.யில் கண்டென்சரை (பாயிண்டோடு இணைந்த சிறு மின்தேக்கி) மறக்க வேண்டாம். சூட்டில் மட்டும் செயலிழப்பது அதன் வழக்கம். பிடிக்காத நேரத்திலேயே ஸ்பார்க்கைப் பாருங்கள், பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில். நீலமாகப் பளிச்சென்று அடிக்காமல் மஞ்சளாக மெலிந்தால் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. எலக்ட்ரானிக் இக்னிஷன் போடும் எண்ணமிருந்தால் கவனம்: 1965 வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்.

கேட்டவர்:
தகட்டில் லைனிங் உதிர்ந்திருக்கிறது, ஸ்பார்க் நீலம்தான். எம்.எக்ஸ்-5?

பதில் 1:
அப்படியானால் முதலில் லைனிங்கை மாற்றுங்கள் சார். எம்.எக்ஸ்-5 கதை வேறு. அதில் பெட்ரோல் அழுத்தத்தில் இருப்பதால் எளிதில் கொதிக்காது. நிறுத்தியபின் அழுத்தம் இறங்கினால்தான் ஆவியாகும். டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி (பெட்ரோல் பம்ப்), ஜி.என்.டி. (எர்த்) முனைகளை ஒயரால் இணைத்து, சாவியை ஆனில் வைத்து 10 விநாடி பம்பை ஓட்டுங்கள். ஒயரை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்ததும் பிடித்தால் அழுத்தம்தான் இறங்குகிறது: பம்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுப்பது), ரெகுலேட்டர் (பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைப்பது), கசியும் இன்ஜெக்டர், இவற்றில் ஒன்று. ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது.

கேட்டவர்:
உடனே பிடித்தது. குழாயும் நனைந்திருக்கிறது.

பதில் 1:
ரெகுலேட்டரைப் புதிதாகப் போடுங்கள், ஓ-ரிங்கும் சேர்த்து. அந்தக் குழாய் வழியாகப் பெட்ரோல் எஞ்சினுக்குள் போய் ஆயிலில் கலந்திருக்கலாம், டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சின் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் தேயும்.