போகிப் புகையா, புகைபோக்கிப் புகையா?

தணிகை:
போகி நெருங்கினாலே "எரிக்காதீர்கள்" என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிரசாரத்தைத் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு விடியற்காலை வாசலில் கிழிந்த பாயைக் கொளுத்துவதாலா சென்னையின் காற்று கெடுகிறது? நான் அனல்மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூர்ப் பக்கம் வசிப்பவன். மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் உதறினால் சாம்பல் பறக்கிறது. மார்கழிக் கடைசி நாளில் மட்டும் விழும் சாம்பல் அல்ல அது.

பல்லவி:
உங்கள் வேட்டியில் படியும் சாம்பலை நான் மறுக்கவில்லை ஐயா. ஆனால் "ஒரு விடியற்காலை" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் ஓடுபாதை தெரியாமல், சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் தரை குளிர்ந்து கிடக்கும். மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல் நிற்கும். எழும் புகை மேலே போக வழியின்றித் தெருவிலேயே தங்கிவிடும். எரிவதும் பாயா என்ன? சென்ற போகிக்கு எங்கள் தெருவில் எரிந்தவை இரண்டு சைக்கிள் டயர், ஒரு ரெக்சின் பை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. வெளியே போகி மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே என் மகன் முகத்தில் நெபுலைசர் மூடியோடு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். ஏழு வயது.

தணிகை:
பிள்ளை நலமாக இருக்கட்டும் அம்மா. டயர் எரிப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் வரம்பு வகுத்து, இரண்டே ஆண்டில் நிறைவேற்றச் சொன்னார்கள். பிறகு தவணைமேல் தவணை. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு, புகையிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவியே வேண்டாம் என்று விலக்கும் அளித்துவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் போகியன்று புத்திமதியா?

நெய்தல்:
ஒரு திருத்தம். விலக்கு அளித்தது மத்திய அமைச்சகம். போகிப் பிரசாரம் செய்வது மாநில வாரியம். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு விலக்கு இல்லை. அவை கருவி பொருத்த 2027 இறுதிவரை அவகாசம் உண்டு. எனக்குக் கோபம் அந்த 10 கிலோமீட்டர் மீதுதான். கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். எல்லைக் கல் நட்டு அதை நிறுத்த முடியுமா? நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. வாகனப் புகை, கட்டுமானத் தூசி, குப்பைக் கிடங்குத் தீ என்று இங்கே அன்றாடம் சேர்வதே ஏராளம். அதன் மேல்தான் போகிப் புகையும் ஏறுகிறது.

பல்லவி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். மின் நிலையத்தை எதிர்த்து மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அதற்காகத் தெருவில் டயர் எரிய வேண்டியதில்லை. போகிக்கு முந்தைய நாட்களில் பழைய டயரையும் துணியையும் மாநகராட்சியே தனியாக வாங்கிக்கொள்கிறது.

தணிகை:
வண்டி எங்கள் தெருவுக்கு வந்தால் கொடுக்கிறேன். பாயை மட்டும் எரிப்பேன். என் அப்பா செய்தது, கோரைப் பாய்தானே.

பல்லவி:
கோரை எரிந்தாலும் நுண்துகள் வரும் ஐயா. இன்னொன்று: இப்போது கடையில் கோரைப்பாய் என்று விற்பவற்றில் பிளாஸ்டிக் பாயும் இருக்கலாம். கொளுத்துமுன் ஓர் இழையை உருவிப் பாருங்கள்.