செரினிட்டி கப்பலில் நீங்கள் முதன்முதலாக ஏறியது எப்போது? – அனுபவப் பகிர்வு

செரினிட்டி என்ற விண்கப்பலின் குழுவினரைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஃபயர்ஃப்ளை'யை அது ஒளிபரப்பான நாட்களில் நான் பார்க்கவில்லை. 2004 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அமெரிக்காவில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது, என்னுடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் நான்கு டிவிடிகள் கொண்ட பெட்டி ஒன்றை என் மேசையில் வைத்து, "வரிசை மாறாமல் பார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. கதை மாந்தர் அனைவரையும் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவதற்கென்று எடுக்கப்பட்ட இரண்டு மணி நேரத் தொடக்கப் பகுதியை ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒதுக்கிவைத்துவிட்டு, 2002 செப்டம்பர் 20 அன்று ரயில் கொள்ளைக் கதையில் தொடரைத் தொடங்கியது. அந்தத் தொடக்கப் பகுதியையோ டிசம்பர் 20 அன்று, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒளிபரப்பியது. எடுக்கப்பட்ட 14 பகுதிகளில் 11 மட்டுமே அப்போது திரைக்கு வந்தன. யார் எவர் என்று தெரியாமல் நடுவில் நுழைந்த பார்வையாளர்கள் நிலைக்கவில்லை என்பதில் வியப்பேதும் இல்லை. 2003 டிசம்பரில் டிவிடி வெளிவந்த பிறகே கதை அதற்குரிய வரிசையில் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. நான் உட்பட ரசிகர்களில் பெரும்பகுதியினர் அப்படி வந்தவர்களே.

நின்றுபோன தொடர் ஒன்று வேறொரு நிறுவனமான யுனிவர்சல் வழியாக 'செரினிட்டி' என்ற பெயரில் திரைப்படமாகிறது என்ற செய்தியை எங்கள் அறையில் நாங்கள் முதலில் நம்பவே இல்லை. 2005 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை இரவுக் காட்சிக்குப் போனோம். பழுப்பு நிற நீள அங்கி அணிந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கதையில் வரும் உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பின் உடை அது. ரசிகர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட 'பிரவுன்கோட்' என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். என் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, கப்பல் குழுவின் முரட்டு ஆளான ஜெய்னுக்கு அவன் தாய் பின்னி அனுப்புவாளே, காதுமறைப்புடன் கூடிய மஞ்சளும் ஆரஞ்சுமான அந்தக் குல்லாயை அணிந்து அமர்ந்திருந்தார். கடையில் வாங்கியதா என்று கேட்டேன். டிவிடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தாமே பின்னியதாகச் சொல்லி, ஒரு பக்கத்தில் ஒரு வரிசை தவறிவிட்டதையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

படத்தின் தொடக்கத்தில், கேப்டன் மால் விமானி அறையிலிருந்து புறப்பட்டு, கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, கீழ்த்தளத்துக்கு இறங்கும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. வெட்டே இல்லாதது போல அது ஓடுகிறது. தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கப்பலையும் அதில் இருப்பவர்களையும் சில நிமிடங்களில் அறிமுகப்படுத்துவதே அதன் வேலை. ஆனால் எனக்கு அங்கே நேர்ந்தது வேறு. நடைவழி முடிந்ததும் சாப்பாட்டு மேசை வரும், அதைக் கடந்தால் கப்பலின் மெக்கானிக் கெய்லீயின் எஞ்சின் அறை வரும் என்று கேமரா திரும்புவதற்கு முன்பே என் கண் அங்கே போய் நின்றது. நெடுநாள் கழித்து ஊர் திரும்பியவனின் கை இருட்டில் விளக்கின் சுவிட்சைத் தானாகக் கண்டுபிடிப்பதைப் போல இருந்தது அது. தொடர் நின்றதும் படப்பிடிப்பு அரங்குகளைக் கலைத்துவிட்டார்கள் என்பதையும், படத்துக்காகக் கப்பலின் உட்புறம் முழுவதையும் புதிதாகக் கட்டினார்கள் என்பதையும் பின்னர் அறிந்தபோது, அந்தக் காட்சியின் மீது எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

கப்பலின் விமானி வாஷின் மரணத்தைப் பற்றி எழுதாமல் இந்தப் பகிர்வு முழுமை பெறாது. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லுங்கள்.) எஞ்சின் செயலிழந்த கப்பலை அவன் தரையில் இறக்கி நிறுத்துகிறான், அரங்கில் கைதட்டல் எழுகிறது, அது அடங்குவதற்குள் ரீவர்கள் எனப்படும் வெறிபிடித்த கொலைகாரர்களின் ஈட்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவன் மார்பில் பாய்கிறது. பாதியில் நின்ற கைதட்டலை நான் கேட்டது அன்று ஒருமுறைதான். குல்லாய் அணிந்த பெண்மணி அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். படம் முடியும்வரை மீண்டும் அணியவில்லை. அந்த மரணம் தேவையற்றது என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குப் பிறகு வரும் சண்டையில் யார் வேண்டுமானாலும் இறக்கக்கூடும் என்று நாங்கள் உண்மையாகவே அஞ்சினோம். அந்த அச்சம் இல்லாவிட்டால் கடைசி அரை மணி நேரத்துக்கு உயிர் இருந்திருக்காது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

நண்பரே, நான் நீங்கள் வந்த வழிக்கு நேர் எதிர்த் திசையில் வந்தவள். தொடர் என்று ஒன்று இருந்தது தெரியாமலேயே, 2006 இல் ஒரு விடுமுறை நாளில் வாடகைக்கு எடுத்த டிவிடியில் 'செரினிட்டி' படத்தை முதலில் பார்த்தேன். கதை எனக்குத் தடையின்றிப் புரிந்தது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மக்களை அமைதிப்படுத்துவதற்காக மிராண்டா கிரகத்தின் காற்றில் அரசு கலந்த பாக்ஸ் என்ற மருந்தால் 3 கோடிப் பேர் உண்ணவும் மறந்து, இருந்த இடத்திலேயே படுத்து இறந்தார்கள் என்பதும், ஆயிரத்தில் ஒருவருக்கு அதே மருந்து நேர்மாறாக வேலை செய்ததால் உருவானவர்களே ரீவர்கள் என்பதும், தொடரைப் பார்க்காதவரையும் உலுக்கும் செய்திகள். விண்வெளியின் விளிம்பில் தனிமையால் பித்துப் பிடித்தவர்கள் என்று தொடரில் சொல்லப்பட்டவர்களுக்குப் படம் தந்த இந்தக் காரணம், தொடர்ச்சியாக வந்த ஒரு படைப்பு செய்யக்கூடிய மிகச் சிறந்த பணி என்பது என் கருத்து.

ஆனால் வாஷின் மரணம் அன்று என்னை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. நகைச்சுவையாகப் பேசும் ஒரு விமானி இறந்துவிட்டார் என்ற அளவில் கடந்துபோனேன். பிறகு தொடரைத் தேடி வாங்கி முதல் பகுதியைப் போட்டேன். விமானி அறையின் மேசைமீது பிளாஸ்டிக் டைனோசர்களை வைத்துக்கொண்டு, ஒன்று மற்றொன்றுக்குத் துரோகம் இழைப்பதாகக் குரல் மாற்றிப் பேசி விளையாடிக்கொண்டிருக்கிறான் வாஷ். அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அவனுடைய முடிவைத் தெரிந்துகொண்டே 14 பகுதிகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அவனும் அவன் மனைவி ஜோயியும் சிறு சண்டையிட்டுச் சேரும் ஒவ்வொரு காட்சியும் எனக்கு இரண்டு முறை வலித்தது. அதன்பின் படத்தை மறுபடி பார்த்தபோது, இறுதியில் மாலும் ஜோயியும் கப்பலின் சேதத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இடத்தில், அவள் உண்மையில் கப்பலைப் பற்றிப் பேசவில்லை என்பது புரிந்து அழுதேன்.

*

இருவரும் போதகர் புக்கை விட்டுவிட்டீர்கள். எனக்குப் படத்தின் மீது இருக்கும் ஒரே குறை அவரைப் பற்றியதுதான். அரசின் உயர்நிலை மருத்துவ உதவி அவருடைய அடையாள அட்டையைக் கண்டதுமே கிடைத்தது எப்படி என்று தொடர் எழுப்பிய கேள்விக்கு, படத்தில் விடை கிடைக்குமென்று நம்பிப் போனேன். அவர் கப்பலை விட்டு இறங்கி வேறோர் ஊரில் வாழ்கிறார், சில நிமிடங்களே வருகிறார், மாலின் கண்முன் இறந்துபோகிறார். அவருடைய கடந்த காலம் 2010 இல் வெளியான சித்திரக்கதையில்தான் சொல்லப்பட்டது. அதை வாங்கிப் படித்தேன். தகவல்கள் எல்லாம் அதில் இருந்தன, புக்காக நடித்த ரான் கிளாஸின் குரல் மட்டும் இல்லை. 2016 நவம்பரில் அவர் காலமான செய்தியைப் படித்த இரவு, தொடரின் முதல் பகுதியைப் போட்டு, அவர் தம்மிடமிருந்த புதிய ஸ்ட்ராபெர்ரிப் பழங்களைக் கெய்லீக்குத் திறந்து காட்டும் இடம்வரை பார்த்தேன்.